டேப் டிரைவ் இல்லாத சர்வரில் பேக்கப்

யூனிக்ஸ் சர்வரில் பேக்கப் எடுக்க உட்காரும் யாரும் முதலில் தொடுவது டார் கட்டளையைத்தான். 'டேப் ஆர்க்கைவ்' என்பதன் சுருக்கமே அந்தப் பெயர். 1979-இல் வெளியான ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வந்தது. அந்தக் காலத்தில் பேக்கப் என்றாலே டேப்தான். அந்தப் பிறவிக்குணம் இன்னும் அதை விட்டுப் போகவில்லை. லினக்ஸ் சர்வரில் ஒரே ஒரு வரி உள்ள கோப்பை டார் செய்து, வந்த கோப்பின் அளவைப் பாருங்கள்: 10,240 பைட். 512 பைட் துண்டுகள் 20-ஐச் சேர்த்து ஒரே மூச்சில் டேப்பில் எழுத வேண்டும் என்று அன்று போட்ட கணக்கு அது. டேப்பையே பார்த்திராத இயந்திரமும் அந்தக் கணக்குப்படிதான் எழுதுகிறது.

டேப் இன்னும் சாகவில்லை. எல்டிஓ-9 கார்ட்ரிட்ஜ் ஒன்றில் சுருக்காமலே 18 டெராபைட் கொள்ளும். பெரிய நிறுவனங்கள் இன்றும் வாங்குகின்றன. ஆனால் கார்ட்ரிட்ஜ் மலிவு, டிரைவ்தான் விலை. ஒரே ஒரு சர்வர் வைத்திருக்கும் அலுவலகத்தில், பள்ளியில், அச்சகத்தில் டிரைவின் விலை சர்வரின் விலையையே தாண்டிவிடும். அதனால் யாரும் வாங்குவதில்லை. வாங்காதது தவறில்லை. ஆனால் டேப் இருந்த இடத்தில் என்ன வைத்தோம் என்று கேட்டால், பல இடங்களில் பதில் இல்லை.

டேப் நமக்குக் கேட்காமலே சில நன்மைகளைச் செய்துவந்தது. எழுதி முடித்ததும் கார்ட்ரிட்ஜ் வெளியே வந்துவிடும். அலமாரியில் இருக்கும் கார்ட்ரிட்ஜைக் கீபோர்டிலிருந்து யாராலும் அழிக்க முடியாது. 'திங்கள்', 'செவ்வாய்' என்று எழுதி ஒட்டிய கார்ட்ரிட்ஜ்கள் வரிசையாக இருக்கும். போன வாரத்துக்குப் போக வேண்டுமென்றால் போகலாம். தினமும் ஒருவர் அதைக் கையால் தொட்டு மாற்றுவார். வேலை நின்றுபோனால் அவர் கண்ணில் பட வாய்ப்பிருந்தது. டிஸ்க்குக்கும் நெட்வொர்க்குக்கும் மாறும்போது வேகம் வருகிறது, வசதி வருகிறது, இந்த மூன்றும் சத்தமில்லாமல் போய்விடுகின்றன. இவற்றை நாமே திட்டமிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும். இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு கட்டளையும் அதற்காகத்தான்.

எதை எடுப்பது

சர்வர் முழுவதையும் எடுக்கத் தேவையில்லை. இயங்குதளத்தை அரை மணி நேரத்தில் புதிதாக நிறுவிவிடலாம். உங்கள் கையால் உருவானது மட்டும் எங்கும் கிடைக்காது: அமைப்புக் கோப்புகள் உள்ள ஈடிசி டைரக்டரி, பயனர்களின் ஹோம், இணையதளமும் அஞ்சலும் இருக்கும் வார், நீங்களே நிறுவிக்கொண்ட நிரல்கள் இருக்கும் யூஎஸ்ஆர் லோக்கல். கிரான் அட்டவணைகள் வாருக்குள் ஸ்பூலில் பதுங்கியிருக்கும். அவற்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நிறுவப்பட்ட பேக்கேஜ்களின் பட்டியலைத் தினமும் ஒரு சிறு கோப்பில் எழுதி ஈடிசியோடு சேர்த்து வையுங்கள். சர்வரை மறுபடி எழுப்பும் நாளில் அந்தப் பட்டியல் பாதி நாளை மிச்சப்படுத்தும்.

எடுக்கவே கூடாதவை ப்ராக், சிஸ், டெவ், ரன் ஆகியவை. இவை டிஸ்க்கில் இல்லை. கெர்னல் நமக்குக் காட்டும் தோற்றங்கள். ப்ராக்குக்குள் கேகோர் என்று ஒரு கோப்பு உண்டு. 64 பிட் லினக்ஸில் அதன் அளவைக் கேட்டால் ஏறக்குறைய 128 டெராபைட் என்று சொல்லும். உண்மையில் அது டிஸ்க்கில் ஒரு பைட் இடமும் பிடிக்கவில்லை. அதை நகலெடுக்கப் போகும் ஸ்க்ரிப்ட், விடிவதற்குள் பேக்கப் டிஸ்க்கை நிரப்பிவிட்டு நிற்கும். 'ஒன் ஃபைல் சிஸ்டம்' என்ற ஆப்ஷனைப் போட்டால் டாரும் ஆர்சிங்க்கும் ஒரே பகுதிக்குள் நின்றுகொள்ளும். அப்போது ஹோம் தனிப் பகுதியில் இருந்தால் அதுவும் விடுபட்டுப் போகும். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

டேட்டாபேஸ் விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால், முதல் பாதி இரண்டு மணி நிலவரமும் பின்பாதி இரண்டே கால் நிலவரமுமாக வரும். அதைத் திரும்ப ஏற்றும்போது டேட்டாபேஸ் எழுந்திருக்காது, எழுந்தாலும் கணக்கு உதைக்கும். மைஎஸ்கியூஎல்லுக்கு மைஎஸ்கியூஎல்டம்ப், போஸ்ட்கிரெஸுக்கு பிஜிடம்ப் என்று அதனதன் கருவியால் முதலில் ஒரு கோப்பாக இறக்கிவிட்டு, பிறகு அந்தக் கோப்பை பேக்கப்பில் சேருங்கள். இன்னோடிபி அட்டவணைகள் என்றால் 'சிங்கிள் டிரான்சாக்‌ஷன்' ஆப்ஷன் கட்டாயம். அதுதான் ஒரே கணத்தின் நிலவரத்தைத் தரும். பிஜிடம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டுமே எடுக்கும், பயனர் கணக்குகளை எடுக்காது. அவற்றுக்கு பிஜிடம்ப்ஆல் வேண்டும்.

இங்கே நான் பட்டது ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில்லிங் சர்வர். நான்தான் ஸ்க்ரிப்ட் எழுதினேன். மைஎஸ்கியூஎல்டம்ப்பின் வெளியீட்டைப் பைப் வழியாக ஜீஜிப்புக்குக் கொடுத்து, தேதி போட்ட கோப்பாகச் சேமிக்கும் இரண்டு வரி. பல மாதங்கள் நன்றாக ஓடியது. ஒருநாள் டிஸ்க் போய்விட்டது. புது டிஸ்க் போட்டு, பேக்கப் டைரக்டரியைத் திறந்தேன். கணக்குப்பிள்ளை பக்கத்தில் நின்று, "சார், போன மாசம் வரைக்கும் எல்லா பில்லும் வந்துரும்ல?" என்று கேட்டார். பட்டியலில் தினம் ஒன்றாகக் கோப்புகள் இருந்தன. பெயர், தேதி எல்லாம் சரி. அளவு இருக்கும் பத்தியைப் பார்த்தேன். கடைசி ஆறு வாரமும் 20, 20, 20. இருபது மெகாபைட் இல்லை, இருபது பைட்.

ஆறு வாரத்துக்கு முன் யாரோ டேட்டாபேஸ் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார்கள். அன்றிலிருந்து டம்ப் தோற்றுக்கொண்டே இருந்தது. ஆனால் பைப்பில் கடைசியாக நிற்கும் கட்டளை வென்றதா தோற்றதா என்பதைத்தான் ஷெல் பார்க்கும். ஜீஜிப் வென்றது, ஒன்றுமில்லாததைச் சுருக்கினால் சரியாக 20 பைட் வரும். ஆறு வார பில்களைக் காகிதப் பிரதிகளைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தார்கள். அந்தக் கணக்குப்பிள்ளையும் இன்னும் இருவரும் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றிலிருந்து என் எல்லா ஸ்க்ரிப்ட்டிலும் மூன்று வரிகள் கூடுதலாக இருக்கும். முதலாவது பாஷ் ஷெல்லின் 'பைப்ஃபெயில்' அமைப்பு: பைப்பில் எது தோற்றாலும் முழுதும் தோற்றதாகக் கொள்ளும். அடுத்தது கோப்பின் அளவை நேற்றையதோடு ஒப்பிடும். பாதிக்கும் கீழே போனால் எச்சரிக்கும். மற்றொன்று கடைசி வரியைப் படிக்கும்: மைஎஸ்கியூஎல்டம்ப் நல்லபடியாக முடிந்தால் முடிவில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று எழுதிவைக்கும். அந்த வரி இல்லாத கோப்பை நம்பாதீர்கள்.

கணக்கு முதலில்

எந்த வழியில் எடுப்பது என்று முடிவு செய்யும் முன் பென்சிலை எடுங்கள். நெட்வொர்க் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், கோப்பின் அளவை மெகாபைட்டில் சொல்வோம். நடுவில் எட்டால் வகுக்க வேண்டும். 100 மெகாபிட் லேனில் கைக்கு வருவது நொடிக்கு 11 மெகாபைட் போல. 100 ஜிகாபைட் அனுப்ப இரண்டரை மணி நேரம். ஜிகாபிட் லேன் என்றால் அதுவே கால் மணி. யூஎஸ்பி 2.0-இல் செருகிய டிஸ்க்குக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. 20 மெகாபிட் அப்லோடு உள்ள இணைய இணைப்பில் பதினோரு மணி நேரம். இரவு பத்துக்குத் தொடங்கினால் அலுவலகம் திறக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். டவுன்லோடு வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பேக்கப்புக்குத் தேவை மேலே ஏற்றும் வேகம்.

யூஎஸ்பி டிஸ்க்

எளிய வழி இது. இதில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன.

கடையில் வாங்கும் டிஸ்க்கும் பென் டிரைவும் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் அல்லது ஃபேட்32 வடிவில் வரும். ஃபேட் குடும்பத்துக்குக் கோப்பின் சொந்தக்காரர் யார், யார் படிக்கலாம் என்பதெல்லாம் தெரியாது. சிம்பாலிக் லிங்க் தெரியாது. ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தொடவே முடியாது. யூனிக்ஸ் கோப்புகளை அதில் அப்படியே நகலெடுத்தால், திரும்ப வரும்போது எல்லாம் ஒருவருடைய சொத்தாக வந்து நிற்கும். அஞ்சல் சர்வர் தன் பெட்டியையே திறக்க முடியாமல் திணறும். டிஸ்க்கை இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். விண்டோஸிலும் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், டார் கோப்புக்குள் வைத்துவிடுங்கள். சொந்தக்காரர் விவரம் டாருக்குள் பத்திரமாக இருக்கும். பெரிதாக இருந்தால் ஸ்ப்ளிட் கட்டளையால் துண்டாக்கலாம்.

இரண்டாவது பள்ளம் ஆழமானது. யூஎஸ்பி டிஸ்க்கை 'பேக்கப்' என்ற காலி டைரக்டரியில் மவுன்ட் செய்திருப்போம். ஒருநாள் கூட்டிப் பெருக்கும்போது வயர் ஆடி டிஸ்க் கழன்றுவிடுகிறது. ஆனால் அந்தக் காலி டைரக்டரி அங்கேயேதான் இருக்கிறது. இரவு ஸ்க்ரிப்ட் அதில் எழுதுகிறது. எழுதப்படுவது சர்வரின் சொந்த டிஸ்க்கில். ரூட் பகுதி நிரம்புகிறது. காலையில் அஞ்சல் இல்லை, டேட்டாபேஸ் இல்லை, சிலநேரம் லாகின்கூட இல்லை. பேக்கப்பே சர்வரைக் கவிழ்த்துவிடுகிறது. இதைத் தடுக்க ஸ்க்ரிப்ட்டின் முதல் வேலையாக 'மவுன்ட்பாயின்ட்' கட்டளையால் டிஸ்க் உண்மையில் அமர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்; இல்லையென்றால் அங்கேயே நிற்கட்டும். இன்னொரு தாழ்ப்பாளும் போடலாம்: டிஸ்க்கைக் கழற்றிய நிலையில் அந்தக் காலி டைரக்டரிக்கு 'மாற்ற முடியாதது' என்ற பண்பைக் கொடுத்துவிடுங்கள். பிறகு ரூட் பயனரால்கூட அதில் எழுத முடியாது. டிஸ்க்கை அதன்மேல் மவுன்ட் செய்வதற்கோ எந்தத் தடையும் இல்லை. மவுன்ட் அட்டவணையில் எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயரை எழுதாதீர்கள், அது செருகும் வரிசையைப் பொறுத்து மாறும். டிஸ்க்கின் யூயூஐடி எண்ணை எழுதுங்கள்.

ஒரு டிஸ்க் போதாது. இரண்டு வாங்கி, வாரம் ஒருமுறை மாற்றி, ஒன்றை எப்போதும் கட்டடத்துக்கு வெளியே வையுங்கள். டேப் அலமாரிக்குச் சமமானது இந்தக் கழற்றி வைத்த டிஸ்க்தான். வெளியே போகும் டிஸ்க்கை லக்ஸ் முறையில் பூட்டிவிடுங்கள். பேருந்தில் தொலைந்தால் டிஸ்க் மட்டும் போகட்டும், வாடிக்கையாளர் விவரம் போக வேண்டாம்.

வீட்டில் இருந்த ஒரு பிரதி எவ்வளவு பெறும் என்பதற்குத் திரையுலகமே சாட்சி. 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் இருந்த டைரக்டரியில் யாரோ அழிக்கும் கட்டளையை ஓட்டிவிட்டார்கள். பெரும்பகுதி போய்விட்டது. டேப் பேக்கப் இருந்தது. எடுத்துப் பார்த்தால் அது சில வாரங்களாகச் சரியாக எழுதப்படவில்லை. படத்தின் தொழில்நுட்ப மேற்பார்வையாளர் கேலின் சஸ்மன் கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்; அவர் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்து, மெதுவாக ஓட்டி ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். டேப் டிரைவ் வைத்திருந்தவர்களைக் காப்பாற்றியது டேப் இல்லாத பிரதி.

இன்னொரு இயந்திரத்துக்கு

அலுவலகத்தில் பழைய கணினி ஒன்று கிடந்தால் இரண்டு பெரிய டிஸ்க்கைப் போட்டு, லினக்ஸோ ஃப்ரீபிஎஸ்டியோ நிறுவி, பேக்கப் இயந்திரமாக்கிவிடுங்கள்.

மிகப் பழைய யூனிக்ஸில்கூட வேலை செய்யும் வழி டாரும் எஸ்எஸ்ஹெச்சும் சேர்ந்தது. கோப்பின் பெயர் கேட்கும் 'எஃப்' ஆப்ஷனுக்கு வெறும் இணைப்புக்கோட்டைக் கொடுத்தால், டார் தான் கட்டுவதை எல்லாம் வெளியே கொட்டும். அதை எஸ்எஸ்ஹெச் வழியாக மறுமுனையில் ஒரு கோப்பில் பிடித்துக்கொள்ளலாம். சர்வரில் துளி இடமும் தேவையில்லை. டிஸ்க் நிரம்பித் தவிக்கும் சர்வரைக்கூட இப்படிக் காலி செய்துவிடலாம். பழைய டார் வடிவங்களில் தனி ஒரு கோப்பு 8 ஜிகாபைட்டைத் தாண்டக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தினசரி வேலைக்கு ஆர்சிங்க்தான். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996 ஜூனில் வெளியிட்டது. மெதுவான இணைப்பில் பெரிய கோப்பின் மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது எப்படி என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை. நேற்றிலிருந்து அளவும் மாறாமல், திருத்திய நேரமும் மாறாமல் இருக்கும் கோப்பை அது தொடுவதே இல்லை. அதனால் முதல் இரவு மணிக்கணக்கில் ஓடியது, அடுத்த இரவு சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

'ஏ' ஆப்ஷன் எல்லாவற்றையும் எடுத்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. எடுக்காது. ஹார்டு லிங்க்குகளுக்குப் பெரிய 'ஹெச்', கூடுதல் அனுமதிப் பட்டியல்களுக்குப் பெரிய 'ஏ', விரிவுப் பண்புகளுக்குப் பெரிய 'எக்ஸ்' தனித்தனியாக வேண்டும். இரு இயந்திரங்களிலும் பயனர் எண்கள் வேறுவேறாக இருக்கும் என்பதால் 'நியூமெரிக் ஐடிஸ்' ஆப்ஷனும் வேண்டும்.

மூல டைரக்டரியின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். போடாவிட்டால் டைரக்டரியே போய் அமரும். இந்த ஒரு குறி இடம் மாறி, கூடவே 'டெலீட்' ஆப்ஷனும் இருந்தால், இலக்கில் இருந்த பழைய பிரதி முழுவதும் துடைக்கப்பட்டுவிடலாம். புதிதாக எழுதிய ஒவ்வொரு கட்டளையையும் முதலில் 'ட்ரை ரன்' போட்டு ஓட்டி, என்ன செய்யப்போகிறேன் என்று அது சொல்வதைப் படியுங்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது.

யார் யாரை அழைப்பது என்பதும் முக்கியம். சர்வரே பேக்கப் இயந்திரத்துக்குள் நுழைந்து எழுதும்படி வைத்தால், சர்வருக்குள் புகுந்தவனுக்கு பேக்கப்பின் சாவியும் கிடைத்துவிடும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் முதலில் தேடி அழிப்பது பேக்கப்பைத்தான். அதனால் பேக்கப் இயந்திரம் சர்வரை அழைத்து இழுத்துக்கொள்ளட்டும். அதற்கென்று தனி எஸ்எஸ்ஹெச் சாவி உருவாக்கி, ஆர்சிங்க்குடன் வரும் ஆர்ஆர்சிங்க் என்ற ஸ்க்ரிப்ட்டால் அந்தச் சாவி படிக்க மட்டுமே செய்யும்படி கட்டிவிடுங்கள். பேக்கப் இயந்திரத்துக்குள் நுழைய சர்வரிடம் எந்தச் சாவியும் இருக்கக் கூடாது.

நேற்றும் அதற்கு முந்தைய நாளும்

மேலே சொன்னதோடு நின்றால் கிடைப்பது கண்ணாடிப் பிம்பம்தான். சர்வரில் ஒரு கோப்பு கெட்டால் இரவு ஓட்டத்தில் பிம்பத்திலும் கெட்டுப்போகும். பத்து நாள் கழித்து "அந்த எக்ஸெல் ஷீட் பழையபடி வேணும்" என்று ஒருவர் வருவார். அவருக்குக் கொடுக்க நாள்கள் வேண்டும்.

ஆர்சிங்க்கின் 'லிங்க் டெஸ்ட்' ஆப்ஷன் இதை அழகாகச் செய்கிறது. தினமும் தேதி போட்ட புது டைரக்டரி ஒன்று. நேற்றைய டைரக்டரியை ஒப்பீட்டுக்குக் காட்டுவோம். மாறாத கோப்புகளுக்கு ஆர்சிங்க் புது நகல் எடுக்காமல், நேற்றைய கோப்புக்கே இன்னொரு பெயர் கொடுத்துவிடும். அதுதான் ஹார்டு லிங்க். மாறியவை மட்டும் புதிதாக எழுதப்படும். 200 ஜிகாபைட் சர்வரில் நாளுக்கு 1 ஜிகாபைட் மாறினால், முப்பது நாள்களும் முழுமையாகக் கண்ணுக்குத் தெரியும், பிடிக்கும் இடம் 230 ஜிகாபைட் அளவுதான். எந்த நாளையும் தாராளமாக அழிக்கலாம், மற்ற நாள்கள் பாதிக்காது. இதே உத்தியின்மேல் கட்டப்பட்டது ஆர்ஸ்னாப்ஷாட் என்ற கருவி. நாள், வாரம், மாதம் என்று சுழற்றும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

நேற்றைய டைரக்டரியின் பாதையைத் தவறாகக் கொடுத்தால் ஆர்சிங்க் நிற்காது. ஓர் எச்சரிக்கை வரியோடு தினமும் முழு நகல் எடுத்து, ஒரே வாரத்தில் டிஸ்க்கை நிரப்பும். முழுப்பாதையை எழுதுங்கள்.

முப்பது நாள் இருக்கிறது என்றால் முப்பது பிரதி இருக்கிறது என்று நினைக்காதீர்கள். மாறாத கோப்பு டிஸ்க்கில் ஒரே ஒரு முறைதான் இருக்கிறது. முப்பது பெயர்களும் அதையே காட்டுகின்றன. அந்த இடத்தில் டிஸ்க் பழுதானால் முப்பது நாளும் ஒன்றாகப் போகும். பழைய நாளின் டைரக்டரிக்குள் போய் ஒரு கோப்பின் அனுமதியை மாற்றினால், லிங்க் ஆன எல்லா நாளிலும் மாறும். அதனால்தான் இரண்டாவது டிஸ்க்கும் வெளியிடப் பிரதியும் தேவைப்படுகின்றன.

கட்டடத்துக்கு வெளியே

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற விதியைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். தன் படங்களைக் காக்க வகுத்த விதி சர்வருக்கும் அப்படியே பொருந்துகிறது. 2015 டிசம்பரில் சென்னையின் தரைத்தளங்களில் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு மூன்றாவது பகுதியை நான் விளக்க வேண்டியதில்லை.

இணையம் வழியாக வெளியே அனுப்ப போர்க் அல்லது ரெஸ்டிக் பயன்படுத்துங்கள். இரண்டும் கோப்புகளைத் துண்டுகளாக்கி, ஒரே துண்டு திரும்ப வந்தால் ஒருமுறை மட்டும் சேமித்து, வெளியே போகும் முன்பே குறியாக்கம் செய்துவிடும். டிஸ்க்கை வாடகைக்குக் கொடுப்பவரால் உங்கள் கோப்புகளைப் படிக்க முடியாது. கடவுச்சொல்லைத் தொலைத்தால் உங்களாலும் முடியாது. சர்வரில் மட்டும் அந்தச் சொல் இருந்தால், சர்வர் எரியும் நாளில் பேக்கப்பும் எரிந்ததாகத்தான் பொருள். காகிதத்தில் எழுதி, உறையில் ஒட்டி, உரிமையாளரின் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.

ஓடியதா என்று யாருக்குத் தெரியும்

டேப்பை மாற்றிய அந்த மனிதர் இப்போது இல்லை. அவர் இடத்தில் கிரான் இருக்கிறது. கிரானுக்குக் கண் இல்லை.

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் டைரக்டரியை அழிக்கத் தொடங்கினார். நிறுத்துவதற்குள் 300 ஜிகாபைட்டில் நாலரை ஜிகாபைட்தான் மிஞ்சியது. பேக்கப்பைத் தேடினார்கள். பிஜிடம்ப் தினமும் ஓடியிருந்தது. ஆனால் டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, டம்ப் கருவியோ 9.2, ஒவ்வொரு இரவும் பிழையோடு நின்றிருந்தது. பிழையைச் சொல்லும் மின்னஞ்சல்களும் கிளம்பின. டிமார்க் சோதனையில் தேறாததால் அவை யார் பெட்டிக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்துவைத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட் ஒன்றுதான் மிச்சம். அதிலிருந்து எழுந்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் உலகுக்கே எழுதிவைத்தார்கள். அதற்கு நம் தொழிலில் உள்ள அனைவரும் நன்றி சொல்ல வேண்டும்.

தோற்றால் மின்னஞ்சல் அனுப்பு என்று வைத்தால், மின்னஞ்சல் வராததை வெற்றி என்று எடுத்துக்கொள்வோம். தலைகீழாக வையுங்கள்: வென்றால் செய்தி வர வேண்டும், காலை எட்டு மணிக்குள் வராவிட்டால் வேறொரு இயந்திரம் உங்களை எழுப்ப வேண்டும். அந்தச் செய்தியில் கோப்புகளின் எண்ணிக்கை, மொத்த அளவு, எடுத்த நேரம் மூன்றும் இருக்கட்டும். தினமும் பார்க்கும் கண்ணுக்கு எண் மாறினால் உறுத்தும்.

முடிவுக் குறியீடுகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆர்சிங்க் 24 என்று முடிந்தால், பட்டியல் எடுத்தபின் சில கோப்புகள் மறைந்துவிட்டன என்று பொருள். ஓடும் சர்வரில் இது இயல்பு. 23 என்றால் சில கோப்புகளை எடுக்கவே முடியவில்லை. விடாமல் காரணம் தேடுங்கள். குனு டார் 1 என்று சொன்னால் படிக்கும்போதே ஏதோ கோப்பு மாறியது, 2 என்றால் பெரும்பிழை. நேற்றைய ஓட்டம் முடியாமல் இன்றையது தொடங்கி ஒன்றையொன்று மிதிக்காதிருக்க எஃப்லாக் கட்டளையால் பூட்டுங்கள். கையால் ஓட்டினால் ஓடும், கிரானில் ஓடாது என்றால் பெரும்பாலும் கட்டளைகளின் பாதைதான் காரணம். கிரானுக்குத் தெரிந்த பாதைகள் மிகக் குறைவு, முழுப்பாதையை எழுதினால் தீர்ந்தது.

திரும்ப எடுத்தல்

மாதம் ஒருநாள் ஒதுக்குங்கள். வேறொரு இயந்திரத்தில், அல்லது மெய்நிகர் இயந்திரம் ஒன்றில், பேக்கப்பிலிருந்து எழுப்புங்கள். டேட்டாபேஸை ஏற்றி, நேற்றைய கடைசி பில் எண்ணைத் தேடிப் பாருங்கள். சில கோப்புகளின் எஸ்ஹெச்ஏ256 கூட்டை இரு பக்கமும் எடுத்து ஒப்பிடுங்கள். சொந்தக்காரர் பெயர் சரியாக வந்ததா என்று பாருங்கள். டாரை ரூட் பயனராக இருந்து பிரிக்காவிட்டால் எல்லாம் உங்கள் பெயரில் வந்து நிற்கும். நேராக ஓடும் சர்வரின்மேல் பிரிக்காதீர்கள். தனி டைரக்டரியில் பிரித்து, பார்த்து, பிறகு நகர்த்துங்கள்.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சர்வரில் மூன்று வாரத்துக்கு முன் இருந்த ஏதாவது ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்து, அதைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் செய்த படிகளையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, சர்வர் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அந்தத் தாளை வைத்துத்தான் இன்னொருவர் வேலையைத் தொடங்குவார்.